கல்லுக்கடியில ஒரு ஸ்டாம்ப், டார்ட்மூர்ல ஒரு சனிக்கிழமை

எங்க ஆபீஸ்ல ரிட்டயர் ஆன ஒரு அம்மா, கடைசி நாள் அன்னைக்கு மேஜைய காலி பண்ணும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் கவர் குடுத்தாங்க. உள்ள மடிச்ச ஒரே ஒரு தாள். டைப்ரைட்டர்ல அடிச்சது, ஓரத்துல பென்சில்ல 1986னு எழுதியிருந்துச்சு. "நான் இதைத் தேடி மூணு தடவை போனேன், கிடைக்கல, இப்ப முட்டி ஒத்துழைக்கல, நீ போய்ப் பாரு"ன்னாங்க. நான் இங்கிலாந்துல இருக்கிற எக்ஸிட்டருக்கு வந்து நாலு வருஷம் ஆகுது, அதுல மூணு வருஷமா லெட்டர்பாக்ஸிங் பைத்தியம் பிடிச்சு அலையுறேன்னு அவங்களுக்குத் தெரியும். இந்தக் கதைய நான் போன வருஷமே எழுதியிருக்கணும், கடைசியில ஒரு விஷயம் வந்து சேர வேண்டியிருந்துச்சு, அதுக்காகக் காத்திருந்து அப்புறம் அப்படியே தள்ளிப்போயிடுச்சு.

லெட்டர்பாக்ஸிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். யாரோ ஒருத்தர் தண்ணி புகாத ஒரு டப்பாவுல ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு சின்ன நோட்டும் போட்டு வெளியில எங்கயாவது ஒளிச்சு வெப்பாங்க. அதுக்கு ஒரு க்ளூ இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு தேடிப்போய் கண்டுபிடிச்சா, அந்த ஸ்டாம்ப நம்ம நோட்டுல குத்திக்கணும், நம்ம கையில இருக்கிற சொந்த ஸ்டாம்ப அந்த நோட்டுல குத்தணும், தேதி போடணும், இருந்தபடியே திருப்பி வெச்சுட்டு வந்துடணும். அவ்வளவுதான். எடுத்துட்டு வர எதுவும் கிடையாது, மைத் தடம் மட்டும்தான். என் ஸ்டாம்ப் ஒரு ஆள்காட்டிக் குருவி, அழிரப்பர்ல நானே செதுக்கினது. யாராவது நடந்து வந்தா முதல்ல கத்தி ஊருக்கே சொல்ற குருவி அது, மூர்ல, அதாவது டார்ட்மூர்ங்கிற மரமில்லாத மேட்டு வெளியில, நடக்குற எனக்கு அந்தப் பேர் பொருத்தமா தோணுச்சு.

இந்த விளையாட்டு பிறந்த இடமே டார்ட்மூர்தான். 1854ல ஜேம்ஸ் பெரட்னு ஒரு வழிகாட்டி, சாக்ஃபோர்ட் ஊர்க்காரர், மூரோட நடு வயித்துல இருக்கிற க்ரான்மியர் பூல்ங்கிற இடத்துக்கு ஆட்களைக் கூட்டிட்டுப் போறவர், அங்க கல்லுக் குவியலுக்குள்ள ஒரு கண்ணாடி பாட்டில வெச்சாரு. அவ்வளவு தூரம் சேத்துல நடந்து வந்தவங்க தங்களோட விசிட்டிங் கார்ட அதுல போட்டுட்டுப் போவாங்க. அப்புறம் அது வளர்ந்து, முகவரி எழுதி தபால்தலை ஒட்டின கார்ட விட்டுட்டுப் போற பழக்கம் வந்துச்சு. அடுத்து வர்றவர், அவர் யாரா இருந்தாலும், எத்தனை நாள் கழிச்சு வந்தாலும், அதை எடுத்துட்டுப் போய் தபால்ல போடணும். லெட்டர்பாக்ஸ்ங்கிற பேரு அப்படி வந்ததுதான். ரெண்டாவது பெட்டி பெல்ஸ்டோன் டோர்ங்கிற பாறை உச்சியில 1894ல, அதாவது 40 வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. 1970கள்ல இருந்துதான் சரசரன்னு பெருகினது. அமெரிக்காவுக்கு இது போய்ச் சேர்ந்தது 1998ல ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்த பிறகு. ஜிபிஎஸ் வெச்சுத் தேடுற ஜியோகேஷிங் எல்லாம் 2000லதான் ஆரம்பிச்சுது.

என் தம்பி பிரிஸ்டல்ல சர்வே வேலை பார்க்குறான். ரோடு போடுற இடத்துல முக்காலி வெச்சு ஒத்தக் கண்ணால பார்த்துட்டு நிப்பாங்களே, அந்த வேலை. ஆகஸ்ட் கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்திருந்தான். தாளைக் காட்டினேன். "அக்கா, க்ளூன்னு சொல்றியே, இதுல கோஆர்டினேட்டே இல்லையே"ன்னான். ஆமா, இல்ல. ஈஸ்ட் மில் டோர், வடக்குச் சரிவு, கிளிட்டர்னு ஒரு வரி. அப்புறம் மூணு பேரிங், அதாவது வடக்குல இருந்து எத்தனை டிகிரி தள்ளித் தெரியுதுங்கிற எண்ணு: யெஸ் டோர் கொடிக்கம்பம் இத்தனை டிகிரி, பெல்ஸ்டோன் டோர் இத்தனை, ஓக் டோர் இத்தனை. கடைசியா, ரொட்டி மாதிரி வளைஞ்ச கல்லு, கிழக்குப் பக்க இடுக்கு, கை எட்டும் தூரம். டிகிரிய நான் இங்க எழுத மாட்டேன், க்ளூவ பொதுவுல போடக்கூடாதுங்கிறது இந்தப் பழக்கத்துல எல்லாரும் மதிக்கிற ஒரு விஷயம், தேடுறவங்களுக்கு மிச்சம் வெக்கணும் இல்லையா.

டார்ட்மூர் நேஷனல் பார்க்னதும் கேட்டு, டிக்கெட்டு, ஜீப்புன்னு நினைச்சுக்காதீங்க. 1951ல அறிவிச்ச பார்க் இது, 954 சதுர கிலோமீட்டர், ஆனா உள்ள ஊர் இருக்கு, பண்ணை இருக்கு, சர்ச் இருக்கு, ஆட்டு மந்தை இருக்கு, ஒரு பெரிய ஜெயில் கூட இருக்கு. நிலத்துல பெரும்பகுதி தனியார் கையிலதான். மூர்ல திரியுற குதிரைங்க பார்க்க காட்டுக் குதிரை மாதிரி இருக்கும், அதுக்கும் ஒவ்வொண்ணுக்கும் சொந்தக்காரர் உண்டு, தீனி குடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருப்பாங்க, குடுத்துப் பழக்கினா ரோட்டோரம் வந்து நின்னு வண்டியில அடிபடும். இன்னொண்ணு, வடக்கு மூர்ல பெரிய பகுதி ராணுவம் சுட்டுப் பழகுற இடம். நாங்க போற ஈஸ்ட் மில் டோரும் க்ரான்மியரும் ஓக்ஹாம்ப்டன் ரேஞ்சுக்குள்ளதான் வருது. சுடுற நாள் எதுன்னு முன்கூட்டியே நோட்டீஸ் போடுவாங்க, அன்னைக்கு மலை உச்சியில பகல்ல சிவப்புக் கொடி, ராத்திரியில சிவப்பு விளக்கு. அதைப் பார்க்காம யாரும் அந்தப் பக்கம் போயிடாதீங்க. நோட்டீஸ்ல நல்லா பார்த்துட்டுத்தான் சனிக்கிழமை முடிவு பண்ணோம்.

எக்ஸிட்டர்ல இருந்து ஓக்ஹாம்ப்டனுக்கு முக்கால் மணி நேரம் கூட ஆகாது ரயில்ல. பல வருஷமா வழக்கமான ரயில் இல்லாம கிடந்த லைன், 2021 நவம்பர்லதான் தினசரி ரயில் திரும்ப வந்துச்சு, கார் இல்லாத என்ன மாதிரி ஆளுங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு சொல்லித் தீராது. ஸ்டேஷன்ல இறங்கி, ஏ30 ரோட்டைத் தாண்டி, ராணுவ கேம்ப்ப ஒட்டி மேல ஏறினா மரமெல்லாம் அப்படியே நின்னுபோய் மூர் ஆரம்பிக்கும். அந்த இடத்துல எனக்கு ஒவ்வொரு தடவையும் பேச்சு நின்னுடும். தம்பிக்கும் நின்னுச்சு. ஹெதர்ங்கிற புதர்ச்செடி பூத்து மலைச்சரிவு முழுக்க மங்கின ஊதா, நடுநடுவுல புல்லு, வலது பக்கம் யெஸ் டோரும் அதுக்குப் பின்னாடி டார்ட்மூர்லயே உயரமான ஹை வில்ஹேஸும், 621 மீட்டர். உயரம்னு பார்த்தா பெருசு இல்லதான், ஆனா மறைக்க ஒண்ணுமே இல்லாததால வானம் அப்படி இறங்கி வந்து நிக்கும். கொடிக்கம்பத்துல கொடி இல்ல. நல்லா ரெண்டு தடவை பைனாக்குலர்ல பார்த்து உறுதி பண்ணிக்கிட்டோம்.

ராணுவ ரோட்டுலயே தெக்க நடந்தா ஒரு ஒன்றரை மணி நேரத்துல ஈஸ்ட் மில் டோர். டோர்னா மலை உச்சியில அடுக்கி வெச்ச மாதிரி நிக்கிற கிரானைட் பாறைங்க. கிட்டத்தட்ட 28 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கடியில ஆறிக் கல்லான குழம்பு, மேல இருந்ததெல்லாம் கரைஞ்சுபோய் இப்ப வெளிய தெரியுது. பனி யுகத்துல விரிசல்ல தண்ணி புகுந்து உறைஞ்சு உறைஞ்சு பாறைய உடைச்சுது, உடைஞ்ச துண்டெல்லாம் சரிவுல வழுக்கிக் கீழ இறங்கி அப்படியே கிடக்குது, அதுக்குப் பேருதான் கிளிட்டர். அண்டா சைஸ்ல இருந்து ஆட்டோ சைஸ் வரைக்கும் நூத்துக்கணக்குல கல்லு, எல்லாத்துக்கும் அடியில இடுக்கு, எல்லா இடுக்குலயும் இருட்டு. ஒரு பெட்டிய ஒளிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, தேடுறதுக்கு இதைவிடக் கஷ்டமான இடமும் கிடையாது.

முதல்ல நான் வழக்கமா செய்ற மாதிரியே செஞ்சேன். காம்பஸ கையில பிடிச்சுக்கிட்டு, யெஸ் டோர் கொடிக்கம்பம் தாள்ல இருக்கிற டிகிரிக்கு வர்ற வரைக்கும் நடக்கணும், அப்புறம் அந்தக் கோட்டை விடாம பெல்ஸ்டோன் டோர் சரியா வர்ற இடத்துக்குப் போகணும். போனோம். ரெண்டும் சரியா வந்த இடத்துல நின்னா சுத்தி ஒரு கல்லு கூட இல்ல. புல்லும் தண்ணி ஊறின பாசியும்தான், கால் வெச்சா மெத்தை மாதிரி ஆடுது. இந்த ஊர்க்காரங்க இந்த மாதிரி இடத்துக்கு இறகு மெத்தைன்னே பேரு வெச்சிருக்காங்க, பேரைக் கேட்டு ஏமாறக் கூடாது, உள்ள இறங்குச்சுன்னா இடுப்பு வரைக்கும் இறங்கும். மூணாவது பேரிங் ஓக் டோர், அது பக்கத்துல கூட வரல. அந்த அம்மாவும் இங்கதான் வந்து நின்னிருப்பாங்கன்னு தோணுச்சு. மூணு தடவையும். எனக்கு மனசு என்னமோ பண்ணுச்சு.

சரி, கிளிட்டருக்குப் போய் ரொட்டி மாதிரி கல்லைத் தேடுவோம்னு அடுத்த முக்கால் மணி நேரம் ஒவ்வொரு கல்லா குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தோம். கிரானைட்ட தொட்டுப் பாருங்க, உள்ள பெரிய பெரிய வெள்ளைப் படிகம் இருக்கும், வழவழப்பே இருக்காது, உள்ளங்கை எல்லாம் சிராய்ச்சிடும். இடுக்குல பார்க்காம கைய விடக் கூடாதுன்னு தம்பிகிட்ட நூறு தடவை சொன்னேன், வெயில் நாள்ல ஆடர் பாம்பு இருக்கலாம், பிரிட்டன்ல விஷம் இருக்கிற ஒரே பாம்பு அது. அதோட ராணுவ ரேஞ்சுல உலோகமா எது கிடந்தாலும் தொடவே கூடாது. கல்லைப் புரட்டவும் கூடாது, புதைஞ்சு கிடக்கிற கல்ல எடுத்தா அடியில வாழுற அத்தனைக்கும் வீடு போயிடும். ஒழுங்கா வெச்ச பெட்டின்னா எதையும் பெயர்க்காமலே எடுக்க முடியும், வாசல்ல ஒரு சின்னக் கல்லு மூடியிருக்கும் அவ்வளவுதான். பழைய கல்வரிசை, கல்லறை, சுவர் இதுலயெல்லாம் பெட்டி வெக்கவே கூடாதுன்னு விதி இருக்கு, நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின வெண்கலக் காலத்துக் கல்லுங்க இந்த மூர் முழுக்கக் கிடக்குது, ஸ்டாம்ப் தேடுற ஆர்வத்துல அதுல ஒரு கல்லு நகர்ந்துட்டாலும் அப்புறம் அது எங்க இருந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது. இதுல எனக்கு ரொம்பப் பிடிவாதம் உண்டு. பெட்டி கிடைக்கலன்னா கிடைக்காம போகட்டும்.

மூர்ல வழி குழம்பினா அது பிக்ஸிங்கிற குட்டி மாயாவிங்க வேலைன்னு இங்க ஒரு நம்பிக்கை இருக்கு, கோட்டைக் கழட்டி உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டா மயக்கம் தெளியுமாம். தம்பிகிட்ட சொன்னேன். அவன் ஜாக்கெட்டைத் திருப்பிப் போடல, ஒரு பாறை மேல உக்காந்து மேப்ப விரிச்சான். பிரிட்டனோட அரசாங்க மேப் நிறுவனம் ஆர்ட்னன்ஸ் சர்வே போட்ட ஓஎல்28, 1:25000. தாள்ல இருக்கிற மூணு பேரிங்கையும் பின்னோக்கி கோடு போட்டுப் பார்த்தான். மூணு கோடும் ஒரு புள்ளியில சேரணும், சேரல, நடுவுல ஒரு பெரிய முக்கோணம் விழுந்துச்சு. அதையே பார்த்துட்டு இருந்தவன் கேட்டான், "அக்கா, இது எந்த வருஷம்னு சொன்ன?"

86ன்னேன்.

"அப்ப அவங்க வடக்கு வேற, நம்ம வடக்கு வேற."

இதை எத்தனை பேர் யோசிச்சிருப்பீங்கன்னு தெரியல, நான் யோசிச்சதே இல்ல. காம்பஸ் முள்ளு காட்டுற வடக்கு ஒரே இடத்துல நிக்கிறது இல்ல, பூமிக்குள்ள உருகிக் கிடக்கிற இரும்பு ஓடிக்கிட்டே இருக்கிறதால வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நகருது. 80கள்ல இந்தப் பக்கம் முள்ளு, மேப்புல இருக்கிற வடக்குக்கு அஞ்சு டிகிரி வாக்குல மேற்கே காட்டிட்டு இருந்திருக்கு. அதுக்கப்புறம் மெதுவா கிழக்கே வந்து வந்து, 2022 நவம்பர்ல டார்செட் கடற்கரையில லாங்டன் மாட்ராவர்ஸ்ங்கிற ஊர்ல நிஜ வடக்கு (வட துருவம் இருக்கிற பக்கம்), மேப் வடக்கு (மேப்புல கட்டம் போட்ட கோடு காட்டுற பக்கம்), காம்பஸ் வடக்கு மூணும் ஒரே கோட்டுல சேர்ந்துச்சு, பிரிட்டன்ல மேப் போட ஆரம்பிச்சதுல இருந்து அப்படி நடந்ததே கிடையாதாம். தம்பி ஆபீஸ்ல அன்னைக்கு எல்லாரும் அதைப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருந்தாங்களாம். அஞ்சு டிகிரி தப்புன்னா ஒரு கிலோமீட்டருக்கு 87 மீட்டர் தள்ளிப் போகும். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கொடிக்கம்பத்த வெச்சுப் பார்த்தா 170 மீட்டருக்கு மேல. கிளிட்டர்ல நிக்க வேண்டியவங்க சேத்துல நிப்பாங்க.

"அப்ப எத்தனை டிகிரி கழிக்கணும்னு சொல்லு, கழிச்சுடுவோம்"னேன். அதுக்கு அவன், "கழிக்கவே வேணாம், இதை அடிச்சவங்க காந்த வடக்கு வெச்சு எழுதினாங்களா, மேப் வடக்குக்கு மாத்தி எழுதினாங்களா, அவங்க காம்பஸ்ல என்ன குறை இருந்துச்சு, எதுவும் நமக்குத் தெரியாது. ஆனா பெல்ஸ்டோன் டோருக்கும் ஓக் டோருக்கும் நடுவுல இருக்கிற கோணம் வடக்கு எங்க போனாலும் மாறாது, மலை ரெண்டும் நகரலையே"ன்னு சொல்லிட்டு, மூணு எண்ணையும் ஒண்ணுல இருந்து ஒண்ணு கழிச்சு ரெண்டு கோணத்த மட்டும் எடுத்தான். அப்புறம் என் கையில இருந்த பிளாஸ்டிக் கவர வாங்கினான். அந்த அம்மா குடுத்த அதே கவர். அது மேல ஒரு புள்ளி வெச்சு, அதுல இருந்து அந்தக் கோணத்துல மூணு கோடு மார்க்கர்ல போட்டு, மேப்பு மேல வெச்சு நகர்த்த ஆரம்பிச்சான். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஒரு கோடு யெஸ் டோர் மேல, இன்னொண்ணு பெல்ஸ்டோன் மேல, மூணாவது ஓக் டோர் மேல, மூணும் ஒரே சமயத்துல உக்காந்துச்சு பாருங்க, எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. புள்ளி விழுந்த இடத்துல ஊசியால ஒரு ஓட்டை. சர்வேயில ரிசெக்ஷன்னு சொல்லுவாங்களாம், மெஷின் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி டிரேசிங் பேப்பர்ல செய்வாங்களாம். மேப்புல ஒரு மில்லிமீட்டர்னா தரையில 25 மீட்டர், அதனால அந்த ஓட்டை ஒரு பெரிய வீட்டு அளவு இடத்தைத்தான் காட்டும். ஆனா மலை முழுக்க இருந்த தேடல் ஒரு வீட்டு அளவுக்குச் சுருங்கிடுச்சு.

அந்த இடத்துக்குப் போனதும் ரொட்டிக் கல்லைத் தேடவே வேண்டியிருக்கல. மேல் பக்கம் வளைஞ்சு, ஒரு ஓரம் உப்பி, அடுப்புல இருந்து எடுத்து வெச்ச மாதிரி இருந்துச்சு. கிழக்குப் பக்க இடுக்கு, வாசல்ல உள்ளங்கை அளவு கல்லு. டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு எடுத்தேன். உள்ள ஒரு பச்சை பிளாஸ்டிக் டப்பா, ரெண்டு பாலிதீன் பையில சுத்தி. தம்பி மூச்சே விடல.

ஸ்டாம்ப் ரப்பர் வயசாகி வெடிச்சிருந்துச்சு, மரக்கட்டையில ஒட்டினது, ஒரு ஆடு பாறை மேல நிக்கிற படம், கொம்பு ஒண்ணு பாதி போயிடுச்சு. நோட்டு பழசு இல்ல, யாரோ இடையில மாத்தியிருக்காங்க, முதல் பக்கத்துல 2009னு இருந்துச்சு. பதினஞ்சு வருஷத்துல பதினோரு பேர்தான் வந்திருக்காங்க. கடைசியா வந்தவர் பதினாலு மாசத்துக்கு முன்னாடி. க்ளூ எப்படிக் கிடைச்சுதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், பெட்டிங்களோட க்ளூவத் தொகுத்துப் போடுற கேட்டலாக்ல இல்லாத வாய்வழிப் பெட்டியாம் இது, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்டுப் போறது. நான் ஆள்காட்டிய குத்தினேன், பக்கத்துல தமிழ்ல ரெண்டு வரி எழுதினேன், அந்த அம்மா பேரு எழுதாம, "மூணு தடவை தேடி வந்த ஒருத்தருக்காக"ன்னு போட்டேன். தம்பிகிட்ட ஸ்டாம்ப் கிடையாது, அவன் கட்டை விரல்ல மை தடவி வெச்சான். அப்புறம் அதே இடத்துல நின்னு காம்பஸ் எடுத்து மூணு மலையையும் பார்த்தான். மூணு எண்ணும் தாள்ல இருக்கிறத விட கிட்டத்தட்ட ஆறு ஆறு டிகிரி கம்மி. 86ல இருந்து வடக்கு நடந்துபோன தூரத்த அப்படி ஒரு கல்லு மேல நின்னு கையால அளந்துட்டோம். நான் எத்தனையோ தடவை இந்த டோர் மேல ஏறி நின்னு போட்டோ எடுத்துட்டு இறங்கியிருக்கேன், அன்னைக்கு அந்த ஒரு சரிவுலயே ரெண்டரை மணி நேரம் இருந்திருக்கோம், ஒவ்வொரு கல்லோட பாசி நிறம் வரைக்கும் இன்னும் கண்ணுல இருக்கு.

டப்பாவ மூடுறப்போ தம்பி மூடிய சுத்தித் துடைச்சான். ரப்பர் வளையத்துல மணல் ஒட்டியிருந்தா தண்ணி இறங்கும்னு நகத்தால வழிச்சு எடுத்தான். அவனுக்கு அதுல அவ்வளவு அக்கறை.

மணி பன்னெண்டரை. க்ரான்மியர் போக நேரம் இருக்குன்னு தோணுச்சு, ஆகஸ்ட்ல எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், மேகமும் உயரத்துலதான் இருந்துச்சு. ரோடு ஓக்மென்ட் ஹில்ல முடியும், அங்க இருந்து கடைசி ரெண்டு கிலோமீட்டர் தெக்க வெறும் பீட் மண்ணு. ஆயிரக்கணக்கான வருஷமா மக்காத செடி அழுந்திக் கறுத்த மண்ணு அது, மழை அறுத்து அறுத்து ஆள் உயரத்துக்கு வாய்க்கால் வாய்க்காலா வெட்டி வெச்சிருக்கு. ஒரு வாய்க்கால்ல இறங்கினா அடுத்தது தெரியாது, ஏறினா திசை மாறியிருக்கும். நல்ல வெயில்லயே இப்படின்னா பனிமூட்டத்துல நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு, மேப்பும் காம்பஸும் இல்லாம போன் மட்டும் நம்பி இங்க வரவே வராதீங்க, பல இடத்துல சிக்னலே கிடையாது. டார்ட், டா, ஓக்மென்ட்னு இந்தப் பக்கத்து ஆறுங்க எல்லாம் இந்தக் கறுப்பு மண்ணுல இருந்துதான் ஊறிக் கிளம்புது. ஒரு இடத்துல காதை வெச்சுக் கேட்டா மண்ணுக்கடியில தண்ணி ஓடுற சத்தம் கேக்கும்.

பூல்னு பேரு இருக்கே தவிர குளம் கிடையாது. புல்லு மூடின ஒரு பள்ளம்தான். அதுக்கு ஒரு கதை இருக்கு: ஓக்ஹாம்ப்டன் மேயரா இருந்த பெஞ்சமின் கேயரோட ஆவி அடங்காம திரிஞ்சுதாம், அதை அடக்க இந்தக் குளத்த சல்லடையால இறைச்சு காலி பண்ணுன்னு தண்டனை குடுத்தாங்களாம். அந்த ஆவி செத்த ஆட்டுத் தோல ஒண்ண எடுத்து சல்லடையில விரிச்சு ஒரே மூச்சா இறைச்சதுல ஓக்ஹாம்ப்டன் ஊருக்குள்ள வெள்ளம் வந்துடுச்சாம். காஞ்ச பள்ளத்துல உக்காந்து இந்தக் கதையச் சொன்னதும் தம்பி, ஆட்டுத் தோல் கிடைச்ச ஆவிக்கு ஏன் மன்னிப்பு கிடைக்கலன்னு ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டு இருந்தான்.

இப்ப இருக்கிற கல்லுப் பெட்டி 1937ல ஒரு பத்திரிகை வாசகர்கள்கிட்ட நிதி திரட்டிக் கட்டினது. பெரட் வெச்ச பாட்டில் எப்பவோ போயிடுச்சு, ஆனா இடம் அதே இடம். உள்ள நோட்டு, ஸ்டாம்ப், அப்புறம் ஒரு கார்டு. தபால்தலை ஒட்டினது, ஸ்காட்லாந்துல ஏதோ ஒரு முகவரி, குழந்தை கையெழுத்துல ஒரு குதிரை படமும் நாலு வார்த்தையும். தேதி ஒன்பது நாளைக்கு முந்தினது. நான் இந்தப் பெட்டிக்கு இதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்திருக்கேன், அப்ப கார்டு எதுவும் இல்ல. முதல் தடவையா இன்னொருத்தரோட தபால் என் கையில. மேப்பு உறையில வெச்சு, மேப்ப சட்டைக்குள்ள வெச்சு, ஜிப்ப போட்டுக்கிட்டேன். என்னோட கார்டு ஒண்ண எடுத்து எனக்கே முகவரி எழுதி, ஒரு வரியும் எழுதாம, பின்பக்கம் காலியா விட்டு உள்ள வெச்சேன். பெட்டிய மூடுறப்போ தம்பி மறுபடி துடைச்சான்.

திரும்புற வழி பத்து கிலோமீட்டர், கால் ரெண்டும் ஈரம், அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல. ரெண்டு குதிரைக்குட்டிங்க ரோட்டுக்குக் குறுக்க படுத்திருந்துச்சுங்க, சுத்திப் போனோம். ஏழு மணிக்கு ஓக்ஹாம்ப்டன். கார்ட அங்கயே போட்டுடலாம்னு தம்பி சொன்னான், ஊருக்குள்ள இறங்கி ஒரு சிவப்புத் தபால்பெட்டியக் கண்டுபிடிச்சுப் போட்டோம், அன்னைக்கு எடுக்குற நேரம் முடிஞ்சுபோச்சு, திங்கக்கிழமைதான் எடுப்பாங்க. போடுறதுக்கு முன்னாடி குதிரை படத்துல ஈரம் பட்டிருக்கான்னு பார்த்தேன். படல.

ஞாயித்துக்கிழமை அந்த அம்மாவுக்கு போன் பண்ணேன். ஆட்டுப் படம், ஒரு கொம்பு உடைஞ்சதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "கிளிட்டர்ல எவ்வளவு தூரம் மேல?"ன்னு கேட்டாங்க, சேத்துல இருந்து நூத்தம்பது மீட்டர் இருக்கும்னேன். "நான் அந்தக் கல்லு மேல உக்காந்துதான் ஒரு தடவை டீ குடிச்சேன், ரொட்டி மாதிரி இருக்கேன்னு கூட நினைச்சேன், ஆனா காம்பஸ் இது இல்லன்னு சொல்லுச்சு"ன்னாங்க. அடுத்த வாரம் வீட்டுக்குப் போய் என் நோட்டுல குத்தின ஆட்டைக் காட்டினேன், ஊசி ஓட்டை போட்ட கவரையும் குடுத்துட்டு வந்தேன்.

என் கார்டு இருபத்திமூணு நாள் கழிச்சு வந்துச்சு. ப்ளிமத் போஸ்ட்மார்க். ஒரு மூலையில பீட் மண்ணு கறை, காலியா விட்ட பக்கத்துல யாரோ பென்சில்ல எழுதியிருந்தாங்க, பேரு இல்ல: "விடாத மழை, எங்க பை முழுக்க ஈரம். பெட்டி உள்ள காஞ்சே இருந்துச்சு." போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்பினேன்.